மலையும் நீரும் யாருக்குச் சொந்தம்?

சீனத்து மைச் சித்திரங்களைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். ஆலைத் தொழிலாளிக்குப் போனஸ் பாக்கி, பண்ணையாளுக்குக் கூலி பாக்கி. இந்த நேரத்தில் மலையும் மேகமும் வரைந்த காகிதம் நமக்கு எதற்கு? கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும்.

வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கலா ரசிகர்கள். இந்தச் சித்திரங்கள் வர்க்கங்களுக்கெல்லாம் அப்பாற்பட்டவை என்பார்கள். இவற்றை ரசிப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும், ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டிக் கொண்டிருப்பவனுக்கு அது வராது என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

ஒருவர் தொழிலாளிக்கு இது வேண்டாம் என்கிறார். மற்றவர் தொழிலாளிக்கு இது எட்டாது என்கிறார். சொல்லும் காரணம் வேறு, முடிவு ஒன்றுதான். மனித குலம் ஆயிரம் ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த செல்வம் ஒன்று பாட்டாளியின் கைக்கு வராமலே நின்று விடுகிறது. இவ்விரண்டு வாதங்களையும் நாம் ஏற்பதற்கில்லை.

கரியும் வைக்கோலும்

முதலில், இந்தச் சித்திரம் என்பது என்ன? சீனர்கள் இதை ‘ஷான் ஷுயி’ என்று அழைக்கிறார்கள். ‘ஷான்’ என்றால் மலை, ‘ஷுயி’ என்றால் நீர். மலையும் நீரும் சேர்ந்தால் நாடு. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தைப் பாகுபடுத்தி வாழ்க்கையைப் பாடிய தமிழ் மக்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

வர்ணங்கள் இதில் அதிகம் கிடையாது. பிரதானமாக இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். பைன் மரக் கட்டையை எரித்து, படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுத்து, தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரத்தோடு பிசைந்து, அச்சில் அழுத்திக் கட்டியாக உலர்த்துகிறார்கள். வேண்டும்போது கல்லில் நீர் விட்டு இழைத்தால் மை தயார். நம் முன்னோரும் ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி விளக்குக்கரியைத்தான் பூசினார்கள்.

காகிதம் எங்கிருந்து வருகிறது? அன்ஹுயி மாகாணத்து ஜிங் வட்டாரத்தில் செய்யும் காகிதம் மிகவும் பேர் பெற்றது. ஒரு வகை மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் அதற்கு மூலப்பொருள்கள். சுண்ணாம்பில் ஊற வைத்து, மலைச் சரிவில் மாதக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் பரப்பி வெளுத்து, இடித்துக் கூழாக்கி, மூங்கில் தட்டியால் அள்ளி எடுக்கிறார்கள். ஆக, சித்திரக்காரன் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே கரி சுரண்டியவன், வைக்கோல் சுமந்தவன், கூழ் அள்ளியவன், ஆட்டு மயிரைச் சீவித் தூரிகை கட்டியவன் என்று பலருடைய உழைப்பு அதில் சேர்ந்து விடுகிறது. முத்திரை ஒருவருடையது, பாடு பலருடையது. எந்தக் கலைக்கும் அடிப்படை உழைப்புதான் என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

எப்படிப் பார்ப்பது?

இந்தக் காகிதம் தண்ணீரை உறிஞ்சும் காகிதம். போட்ட கோட்டை அழிக்க முடியாது. எண்ணெய் வர்ணத்தில் பூசியதன் மேல் மறுபடியும் பூசி மறைத்து விடலாம், இங்கே அந்தச் சலுகை இல்லை. ஆகவே கை பல ஆண்டு பழகியிருக்க வேண்டும். ஓடுகிற ஸ்பிண்டிலில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டி விடுகிற சைடருக்கும், கொழுமுனை விலகாமல் நேர்ச் சால் ஓட்டுகிற உழவனுக்கும் கைப்பழக்கம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சித்திரத்தைப் பார்க்கும்போது முதலில் கோட்டைப் பாருங்கள். எங்கே கை வேகமாக ஓடியது, எங்கே அழுத்தியது, எங்கே மை தீர்ந்து வறண்டது என்பதெல்லாம் அதிலே தெரியும். பாறைக்கு வறண்ட தூரிகை, மழைக்கால மரத்துக்கு ஈரத் தூரிகை. ஒரே மையில் கெட்டிக் கறுப்பிலிருந்து புகை போன்ற சாம்பல் வரைக்கும் எத்தனையோ சாயல்கள் இருக்கின்றன.

இரண்டாவதாக, ஒன்றும் வரையாத இடத்தைப் பாருங்கள். மலையின் இடுப்பில் காகிதம் வெறுமனே விடப்பட்டிருக்கும். அது வெற்றிடமல்ல, அது மஞ்சு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும் நாளில் பேரூருக்கு மேற்கே போய் நின்று வெள்ளியங்கிரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடிவாரம் இருக்கும், உச்சி இருக்கும், நடு மலையைக் காணோம்! ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சீனச் சித்திரக்காரன் அந்த மஞ்சை மையால் வரையவில்லை. மையை நிறுத்தி வரைந்தான்.

மூன்றாவதாக, ஒரே இடத்தில் நின்று பார்க்கும்படி இச்சித்திரம் அமைந்ததல்ல. புகைப்படக் கருவி ஓரிடத்தில் நின்று ஒரு கண்ணால் பார்க்கிறது. மலைச் சித்திரம் நடந்து கொண்டே பார்க்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன் மலையைத் தாண்டிப் பின் மலையை எட்டிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையை நோக்குவது என்று மூன்று வகைத் தொலைவுகளை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குவோ ஷி என்னும் சித்திரக்காரர் வகுத்துச் சொன்னார். பார்த்து விட்டுப் போவதற்கு மட்டுமின்றி நடக்கவும் குடியிருக்கவும் தகுந்த மலையாக அது தோன்ற வேண்டும் என்பதும் அவருடைய கருத்து. சில சித்திரங்கள் பல கஜ நீளமுள்ள சுருள்கள். வலக்கைப் பக்கமிருந்து கை அகலம் கை அகலமாக விரித்துப் பார்ப்பார்கள். தலைச்சுமையோடு மலைப் பாதையில் நடந்தவன் மலையை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

கழுதை ஓட்டிகளும் கையெழுத்தும்

ஃபான் குவான் என்பவர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த பிரசித்தமான சித்திரம் ஒன்று தைப்பே நகரத்து தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுயரத்தை மிஞ்சிய பட்டுத் துணி. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே பாறை மலை அடைத்துக் கொண்டிருக்கிறது. அருவி ஒரு வெள்ளை நூலாக இறங்குகிறது. முதலில் பார்ப்பவர்கள் மலையைக் கண்டு பிரமித்து நின்று விடுவார்கள். சற்றுப் பொறுத்துக் கீழே வலப்பக்கம் பாருங்கள். விரல் நகத்தளவு உருவங்கள் தெரியும். மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டிச் செல்லும் ஆட்களும்தாம் அவை.

இவ்வளவு பெரிய மலைக்கு முன்னால் மனிதனை எறும்பாக்கிக் காட்டியிருக்கிறானே, இது உழைப்பாளியை இழிவுபடுத்துவதாகாதா என்று கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சித்திரத்தில் ராஜா இல்லை, பிரபு இல்லை, படை இல்லை. இருப்பவர்கள் சுமை ஓட்டுகிறவர்கள். மலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் குறுக்கே பாதை போட்டு அரிசியும் துணியும் கொண்டு செல்கிறவர்கள் அவர்களே. இன்னொரு செய்தியும் உண்டு. இந்தச் சித்திரத்தில் கையெழுத்து இல்லை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1958ல்தான் அருங்காட்சியக அறிஞர் லி லின்சான் அதைக் கண்டுபிடித்தார். எங்கே இருந்தது தெரியுமா? கழுதை ஓட்டிகளுக்குப் பின்னால், மரத்தின் இலைகளுக்கிடையில்! சித்திரக்காரன் என்ன நினைத்து அங்கே எழுதினான் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் மலையுச்சியை விட்டு விட்டு, சுமைகாரர்கள் போகும் பாதையோரத்தில் அவன் பேர் இருக்கிறது என்பது கண்கூடு.

நெருப்பில் போட்ட சொந்தக்காரன்

இப்படிச் சொல்வதால், இக்கலையின் வர்க்க குணத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. மலைச் சித்திரத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் படித்த உத்தியோகஸ்தர்கள், நிலக் குத்தகையில் வாழ்ந்தவர்கள். வாங்கி வைத்தவர்கள் பிரபுக்களும் சக்கரவர்த்திகளும். குடியானவன் வயலில் வாடிக் கொண்டிருந்தபோது அவர்கள் மாடத்தில் உட்கார்ந்து சுருளை விரித்தார்கள். இதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும்.

சொந்தக்காரர்கள் அந்தக் கலையை எப்படிக் காப்பாற்றினார்கள்? ஹுவாங் கொங்வாங் என்பவர் 1348லிருந்து 1350 வரை, எழுபது வயதைத் தாண்டிய முதுமையில், ஃபூசுன் மலைகளை ஒரு நீண்ட சுருளாக வரைந்தார். முந்நூறு ஆண்டு கழித்து அது வூ ஹோங்யூ என்ற செல்வரின் கைக்கு வந்தது. 1650ல் அவர் சாகக் கிடந்தபோது, தான் போகும் இடத்துக்கு அதையும் கொண்டு போக விரும்பி நெருப்பில் போடச் சொன்னார்! அவருடைய உறவுப் பிள்ளை ஒருவர் பாய்ந்து எடுத்திராவிட்டால் முழுதும் சாம்பலாகியிருக்கும். எடுத்தபோது சித்திரம் எரிந்து துண்டாகி விட்டது. சிறு துண்டு இன்று ஹாங்சௌ நகரத்தில் செஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய துண்டு தைப்பேயில் இருக்கிறது. 2011ல்தான் இரண்டையும் தைப்பேயில் ஒன்று சேர்த்து மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

சக்கரவர்த்தியின் ரசனை எப்படி என்றும் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் சக்கரவர்த்தியிடம் இச்சித்திரத்தின் போலி ஒன்று முதலில் வந்து சேர்ந்தது. அதையே அசல் என்று நம்பி ஐம்பது தடவைக்கு மேல் அதன் மீது தன் புகழுரைகளை எழுதித் தள்ளினார். மறு வருஷம் அசல் வந்தபோது அதைப் போலி என்று ஒதுக்கி விட்டார். அதனால்தான் அசல் தப்பியது! தனிப் பக்குவம் மேல்தட்டுக்கே உரியது என்று பேசுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தனிச்சொத்தின் தர்மம் இதுதான். எனக்கில்லாதது யாருக்கும் வேண்டாம் என்று அது நெருப்பில் போடும். ஆலையையும் அப்படித்தான் நடத்துகிறது. லாபம் வரும்வரை ஓட்டும், வராவிட்டால் பூட்டும், பிறகு நிலத்தை மனையாக்கி விற்கும். சித்திரத்துக்கு ஒரு நியாயம், மில்லுக்கு வேறொரு நியாயம் என்று கிடையாது.

சாந்திநிகேதனத்துக்கு வந்த தூரிகை

இந்தக் கலைக்கும் நம் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1924ல் ரவீந்திரநாத தாகூர் சீனா சென்றபோது சித்திரக்காரர் நந்தலால் போஸையும் அழைத்துச் சென்றார். 1937ல் சாந்திநிகேதனத்தில் சீன பவனம் திறக்கப்பட்டது. தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞர் அதற்குப் பாடுபட்டார். நந்தலாலின் மாணவர் பினோத் பிஹாரி முகர்ஜி கண் பார்வை குன்றியிருந்த நிலையிலும் கீழ்த்திசைத் தூரிகை முறையைக் கற்று, வங்காளத்தின் வறண்ட செம்மண் நிலத்தையும் பனை மரங்களையும் வரைந்தார். சீனத்து மலையை அவர் நகல் எடுக்கவில்லை. அந்தக் கண்ணைக் கடன் வாங்கித் தம்முடைய மண்ணைப் பார்த்தார். கற்றுக் கொள்ளும் முறை இதுவே.

1939ன் இறுதியில் சூ பெய்ஹோங் என்ற பெரும் சீனச் சித்திரக்காரர் சாந்திநிகேதனம் வந்தார். அப்போது ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனாவைக் குதறிக் கொண்டிருந்தது. தம் சித்திரக் கண்காட்சிகளில் சேர்ந்த பணத்தை யுத்த நிவாரணத்துக்கு அனுப்பினார் அவர். ஆலை நகரமான சோலாப்பூரில் பிறந்த டாக்டர் கோட்னிஸ் 1938ல் சீனாவுக்குச் சென்று, காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்து, 1942ல் அங்கேயே உயிர் நீத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இங்கிருந்து வைத்தியர் போனார், அங்கிருந்து சித்திரக்காரர் வந்தார்.

இந்தியாவில் இருந்தபோது, 1940ல், சூ பெய்ஹோங் வரைந்ததுதான் ‘மலையைப் பெயர்த்த மூடக் கிழவன்’ என்னும் பெரிய சித்திரம். இந்திய மனிதர்களையும் மாதிரியாகக் கொண்டு அவர் அதை வரைந்தார். கதை பழைய சீனக் கதை. வீட்டு வாசலை இரண்டு மலைகள் மறித்துக் கொண்டிருக்கின்றன. தொண்ணூறு வயதுக் கிழவன் மண்வெட்டி எடுத்து வெட்டத் தொடங்குகிறான். ஊர் சிரிக்கிறது. நான் செத்தால் என் மகன் வெட்டுவான், அவனுக்குப் பின் பேரன் வெட்டுவான், மலையோ வளரப் போவதில்லை என்கிறான் கிழவன். 1945 ஜூனில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏழாவது காங்கிரசை முடித்து வைத்துப் பேசிய மாவோ, இக்கதையைச் சொல்லி, ஏகாதிபத்தியம், நிலப்பிரபுத்துவம் என்னும் இரண்டு மலைகளைச் சுட்டிக் காட்டினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே இந்திய மண்ணில் அக்கதை சித்திரமாகி விட்டது! அந்தச் சித்திரத்தில் பெரிதாக நிற்பது மலையல்ல, மண்வெட்டி பிடித்த மனிதன். ஃபான் குவானின் விரல் நகத்தளவு கழுதை ஓட்டி ஒன்பது நூற்றாண்டு கழித்து எழுந்து நிற்கிறான்.

அதே மையும் தூரிகையும் மூன்றாண்டுக்குப் பின் வங்காளப் பஞ்சத்தில் வேறொரு கடமையைச் செய்தன. 1943ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. ஜைனுல் ஆபிதீன் மலிவான பொட்டலக் காகிதத்தில் கறுப்பு மையால் கல்கத்தா வீதிகளில் கிடந்த எலும்புக் கூடுகளை வரைந்தார். நம் தோழர் சித்தப்பிரசாத் மிதினாப்பூரில் கிராமம் கிராமமாக நடந்து வரைந்து, ‘பசித்த வங்காளம்’ என்ற சிறு பிரசுரத்தைக் கொண்டு வந்தார். வெள்ளைக்கார சர்க்கார் அதைப் பறிமுதல் செய்து எரித்தது. கறுப்பு மையின் பலத்தை எதிரி நன்றாகவே அறிந்திருந்தான். தமிழ்நாட்டிலும் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கறுப்புக் கோடுகளாலேயே பெயர் பெற்றவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி சித்திரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரே வெட்டாக வெட்டலாமா?

புரட்சிக்குப் பின் சீனாவில் என்ன நடந்தது? 1959ல் பீக்கிங் மக்கள் மாமண்டபத்துக்கு ஃபூ பாவ்ஷியும் குவான் ஷான்யுவேயும் சேர்ந்து மாபெரும் மலைச் சித்திரம் ஒன்றை வரைந்து கொடுத்தார்கள். பழைய கலை புதிய வீட்டுக்குக் குடி வந்தது. ஆனால் 1966ல் தொடங்கிய கலாசாரப் புரட்சிக் காலத்தில் பழைய மரபில் வந்த சித்திரக்காரர்கள் பலர் பகைவர்களாகத் தூற்றப்பட்டார்கள். பான் தியான்ஷோ என்ற முதுபெரும் சித்திரக்காரர் அவமானங்களுக்கு ஆளாகி 1971ல் இறந்தார். 1974ல் ‘கறுப்புச் சித்திரங்கள்’ என்று பேர் வைத்துக் கண்டனக் கண்காட்சியே நடத்தினார்கள். இது தவறு. தவறு என்று சொல்வதற்குக் கம்யூனிஸ்டுகள் தயங்க வேண்டியதில்லை. மனித குலம் சேர்த்து வைத்த அறிவுச் செல்வம் முழுவதையும் கற்றுத் தேர்ந்துதான் பாட்டாளி வர்க்கக் கலாசாரம் வளர முடியும் என்று 1920லேயே இளைஞர்களிடம் லெனின் விளக்கினார். நிலப்பிரபுவின் நிலத்தை எடுத்து உழவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறோம், நிலத்தைத் தீயிட்டுப் பொசுக்கச் சொல்வதில்லை. சித்திரத்துக்கும் அதே கொள்கைதான்.

நம் மலை, நம் நொய்யல்

இனி முதல் கேள்விக்கு வருவோம். கொங்கு நாட்டு உழைப்பாளிக்கு இது எதற்கு?

மலையும் நீரும் நமக்குப் புறத்தே இருக்கும் பொருள்களல்ல. பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்ததால்தான் 1930களில் கோவையில் ஆலைகள் பெருகின. வால்பாறை மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் நம் மக்கள். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலைச் சாயக்கழிவு எப்படிக் கெடுத்தது என்பதை ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள விவசாயிகளைக் கேட்டால் தெரியும். பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவிட நேர்ந்தது. லாபம் தின்றவர்கள் ஒதுங்கிக் கொண்டார்கள். வேலை போனது தொழிலாளிக்கு, பூமி போனது விவசாயிக்கு. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைப் பனை உயரத்துக்குத் தோண்டி எடுத்த பிறகு, 2021ல்தான் செங்கல் சூளைகளை மூட உத்தரவு வந்தது.

மூடக் கிழவனும் மலையை வெட்டினான், காண்டிராக்டரும் மலையை வெட்டுகிறான். இரண்டும் ஒன்றா? கிழவன் எல்லோரும் போவதற்கு வழி வெட்டினான். காண்டிராக்டர் தன் பைக்கு வெட்டுகிறான். இந்த வித்தியாசத்தைக் காண்பதற்கு மலையைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் பறிபோவது தெரியும்.

பார்ப்பதற்குப் பொழுது வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. திருமணத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஆலை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ இந்த ஜில்லாக்களில் நடந்ததை நாடறியும். மலை கூப்பிடு தூரத்தில் இருந்தும், மதிலைத் தாண்டி அதைப் பார்க்க அந்தப் பெண்களுக்கு வாய்ப்பில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் வெறும் களைப்பு நீங்குவதற்கான போராட்டமல்ல. மீதிப் பொழுதில் மனிதனாக வாழ்வதற்கான போராட்டம். படிப்பதும், பாடுவதும், ஒரு சித்திரத்தின் முன் அமைதியாக நிற்பதும் அந்த மீதிப் பொழுதைச் சேர்ந்தவை. அதைப் பிரபுக்களுக்கு மட்டும் விட்டுக் கொடுக்க நாம் தயாரில்லை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். தைப்பே அருங்காட்சியகம் தன் சித்திரங்கள் பலவற்றின் படங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஃபான் குவானின் மலையை ஒரு பெரிய தாளில் அச்செடுத்துச் சங்க அலுவலகத்திலும் படிப்பகத்திலும் மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடி அதைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மூட்டையோடு வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களையும் கூப்பிடுங்கள். இந்தச் சித்திரத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். கழுதை ஓட்டிகள் எங்கே இருக்கிறார்கள் என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள், அவர்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள். பிறகு அவர்கள் கையில் விளக்குக்கரியும் ஒரு தூரிகையும் கொடுத்து, ஜன்னல் வழியே தெரிகிற நம் மலையை வரையச் சொல்லுங்கள்.